எல்லாவற்றுக்கும் ஆம்

பிணவறையிலும் ஆளைக் காக்கவைப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு வாசலில் போய் நின்றேன். உள்ளே விட ஒரு கையெழுத்து வேண்டுமாம். கையெழுத்துப் போடுகிறவர் பதினொன்றரைக்கு வந்தார். இரண்டரை மணி நேரம் ஒரு தகர நாற்காலியில், மருந்து வாடையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் இதையே இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொல்வார். உள்ளே கூப்பிட்டபோது, வேலையை முடித்தோமா, பையைத் தூக்கினோமா, போய்ச் சேர்ந்தோமா என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த அவசரம்தான் காரணம். வேறு சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

எழாத கணினிகளை எழுப்புவது என் தொழில். லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிற பழைய கணினிப் பெட்டிகள் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கணினி ஹார்ட் டிஸ்க் என்கிற தன் சொந்த வட்டிலிருந்து எழ முடியாமல் படுத்துவிட்டால், வெளியிலிருந்து ஒரு பூட் டிஸ்க்கைப் போட்டு எழுப்பலாம். அந்த டிஸ்க்குக்குள் ஒரு சின்ன லினக்ஸ் முழுசாக இருக்கும். அதன் தயவில் பெட்டி கண் திறக்கும். பிறகு உள்ளே போய், உடைந்து கிடக்கிற வட்டைச் சோதித்து, சரிசெய்து, டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, அது சொந்தக் காலில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். என் பையில் எப்போதும் நான்கு பூட் சிடி, இரண்டு பென்டிரைவ், பெரிய காலி வட்டு ஒன்று இருக்கும். காலி வட்டு எதற்கென்றால், சீக்கு வந்த வட்டில் கை வைக்கும் முன் அதை அப்படியே நகல் எடுத்துக்கொள்ள. முதலில் நகல், அப்புறம்தான் வைத்தியம். என்னிடம் வேலைக்குச் சேருகிறவர்களை இந்த ஒரு விஷயத்துக்காக நான் திட்டுகிற திட்டு காதுகொடுத்துக் கேட்க முடியாது.

உள்ளே இருந்த எழுத்தரை எல்லோரும் முத்திரை என்று கூப்பிட்டார்கள். முத்திரை குத்தாமல் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வெளியே விடமாட்டாராம். ஐம்பது வயது இருக்கும். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். அவர் மேசைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இடுகாடு. யாரும் தேடி வராத உடல்களை ஒன்றரை மாதம் குளிர்பெட்டியில் வைத்திருந்துவிட்டு அங்கே புதைத்துவிடுவார்கள். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் முழங்கால் உயரத்துக்கு எண் போட்ட ஓர் இரும்புத் தகடு.

"இதுல என்னங்க வச்சிருக்கீங்க?" என்று மேசைமேல் எழாமல் கிடந்த கணினியைக் காட்டிக் கேட்டேன்.

"போட்டோங்க மேடம். யாருன்னு தெரியாதவங்களோட போட்டோ. தேடி வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு."

"எத்தனை?"

"முந்நூறு சொச்சம் இருக்கும்."

அவ்வளவுதான் நான் கேட்டது. அந்தப் படங்களை அவர் எப்படி வைத்திருக்கிறார், எதை வைத்துத் தேடுகிறார் என்றெல்லாம் கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பெட்டி பென்டிரைவை மதிக்காத அளவுக்குப் பழசு. பூட் சிடியைப் போட்டேன். அது கரகரவென்று சுற்றி, அரைமனதாக எழுந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைக் காட்டியது. வட்டு இருந்த நிலைக்கு நகல் எடுக்க ஐந்து மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். காலி வட்டு பையில்தான் இருந்தது. பையின் ஜிப்பைக்கூட நான் திறக்கவில்லை. நேராக வட்டைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

அந்தக் கட்டளைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எங்கேயாவது உடைசலைக் கண்டால் தானாகத் தொடாது. இதைச் சரிசெய்யட்டுமா, அதை நீக்கட்டுமா என்று நம்மிடம் அனுமதி கேட்கும். ஆம் என்றால் ஒய் விசையை அழுத்தவேண்டும். முதல் இருபது கேள்விகளை ஒழுங்காகப் படித்துத்தான் அழுத்தினேன். அதற்குப் பிறகு படிக்காமல் அழுத்தினேன். அப்புறம் அழுத்தவும் அலுத்துப்போய், எல்லாக் கேள்விக்கும் நீயே ஆம் என்று சொல்லிக்கொள் என்று கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். கேள்விகள் திரையில் தலைதெறிக்க ஓடின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், ஆம், ஆம் என்று விழுந்துகொண்டே இருந்தது.

"என்ன வேகம் மேடம்!" என்றார் முத்திரை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அரை மணியில் பெட்டி சொந்தக் காலில் எழுந்துவிட்டது. படங்கள் இருந்த ஃபோல்டரை மட்டும் காணவில்லை. லினக்ஸில் இதற்கென்றே லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்று ஓர் இடம் உண்டு. எங்கே சேர்ந்தவை என்று தெரியாத கோப்புகளை, சரிபார்க்கும் கட்டளை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடும். திறந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களும் அங்கே பத்திரமாக இருந்தன.

"எல்லாம் இருக்கு சார். பாத்துக்குங்க." பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "பேரைக் காணோமே மேடம்? வெறும் நம்பரால்ல இருக்கு?"

"அது மெஷினா வச்ச நம்பர். பேரு போனா போகுது சார், படம் இருக்குல்ல? நீங்களா ஒரு பேரு வச்சுக்குங்க."

அவர் நாற்காலியைப் பின்னால் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார். "எல்லாமே பேருலதான் மேடம் இருக்கு."

அப்புறம்தான் விவரம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் காகிதமில்லா அலுவலகம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. உத்தரவு மட்டும் காகிதத்தில், மூன்று பிரதி. அன்றோடு இடுகாட்டுப் பதிவேட்டை மூடிவிட்டார்கள். அதற்குப் பதில் கணினியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் இருபத்தாறு கட்டங்கள், ஒரு கட்டத்தை விட்டாலும் சேமிக்காது. செத்தவரின் தந்தை பெயரைக் கேட்குமாம், தொழிலைக் கேட்குமாம். அடையாளம் தெரியாத பிணத்தின் தொழிலுக்கு முத்திரை எங்கே போவார்? அவர் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். படத்தின் கோப்புப் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுவார். எந்தத் தேதி வந்தது, எங்கே கிடைத்தது, புதைத்தபின் எந்தத் தகடு. ஒரே வரி. இரண்டு வருடத்தில் ஒரு பிழை விட்டதில்லை என்றார். நம்புகிறேன். நான் பார்த்த அலுவலகங்களிலேயே அவ்வளவு ஒழுங்கான மனிதரை நான் பார்த்ததில்லை.

லினக்ஸில் ஒரு கோப்பு ஓரிடத்தில் இருக்கும், அதன் பெயர் வேறோரிடத்தில் இருக்கும். பெயர்கள் இருந்த பக்கம்தான் உடைந்திருந்தது. இதை நீக்கட்டுமா என்று கட்டளை கேட்டிருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் பற்றித்தான் அந்தக் கேள்வி. நான் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பையைத் தோளிலிருந்து இறக்கி, காலி வட்டை எடுத்து, செய்யவேண்டியதை எல்லாம் காலம் கடந்தபின் ஒழுங்காகச் செய்தேன். நகல் எடுத்தேன். நகலை மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துழாவினேன். அங்கங்கே அரைப் பெயர்கள், தேதித் துண்டுகள் தட்டுப்பட்டன. முத்திரை தன் ஞாபகத்திலிருந்து சொன்னார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு ஞாபகம். "இவரு ஆத்தங்கரை, நூத்திப் பதினேழு. இந்தம்மா பஸ் ஸ்டாண்டு, அறுபத்திரண்டு." ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டே வந்தோம். முந்நூற்று ஒன்று தேறியது.

பதினொன்று தேறவில்லை. அந்தப் பதினொரு பேரையும் ஒரே நாளில் புதைத்திருக்கிறார்கள். அன்றைக்கு முத்திரையின் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை, அவர் விடுப்பில் இருந்தார். குழி வெட்டியவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டை மறுநாள் பார்த்துக் கோப்புகளில் ஏற்றிவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறார். காகிதமில்லா அலுவலகம் அல்லவா. இருநூற்று நான்கிலிருந்து இருநூற்றுப் பதினான்கு வரை பதினொரு தகடுகள். பதினொரு படங்கள். எந்தப் படம் எந்தத் தகடு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"அவங்களைத் தேடி யாரும் வரமாட்டாங்க மேடம். பாதிப் பேரைத் தேடி யாருமே வர்றதில்ல." என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தேற்றவேண்டிய நிலையில் அவர்தான் இருந்தார்.

அடுத்த வாரமே வந்துவிட்டார்கள். நான் நகலை இன்னொரு முறை பார்க்கலாம் என்று போயிருந்தேன். துணிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண், முப்பது வயது இருக்கும். அவளோடு அவள் அப்பா. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகள் மட்டும் உள்ளே வந்து படங்களைப் பார்த்தாள். தம்பியைத் தேடுகிறாள். காணாமல் போய் எட்டு மாதம்.

நூறு படங்களுக்கு மேல் பார்த்திருப்பாள். ஒன்றில் நிறுத்தினாள். தாடி வைத்த முகம். திரையில் கையை வைத்து மூக்குக்குக் கீழே மறைத்துப் பார்த்தாள்.

"தாடி வச்சிருந்ததில்ல அவன்," என்றாள். "அவன்தான்."

அந்தப் பதினொன்றில் ஒன்று.

முத்திரை என்னைப் பார்த்தார். படிவத்தில் மேலதிகாரியின் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. ஆகவே நான்தான் சொல்லவேண்டியிருந்தது. பூசி மெழுகாமல் சொன்னேன். பெயர் அழிந்ததையும், அழித்தது நான் என்பதையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தோண்டிப் பாக்க முடியாதா?"

"கேட்டாச்சும்மா. ஒருத்தருக்காகப் பதினோரு குழியைத் தோண்ட உத்தரவு தரமாட்டோம்னுட்டாங்க."

அவள் ஜன்னல் வழியாகத் தகடுகளைப் பார்த்தாள். அப்புறம் கதவு வழியாக அப்பாவைப் பார்த்தாள். "வாய்ச் சண்டைதான். அப்பாதான் அவனை, இந்த வீட்டுக்குள்ள இனிமே காலை வைக்காதேன்னு சொன்னாரு. அவனும் வைக்கல. எட்டு மாசமா அவரு தூங்கறதில்ல. அவன் இருக்கற இடத்துல போய் ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் எனக்குன்னு சொல்றாரு. பதினொண்ணுல ஏதோ ஒண்ணுன்னு நான் அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

நான் திரையில் இருந்த அந்த முகத்தை மூடினேன்.

"நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க," என்றாள். "கம்ப்யூட்டர்ல கிடைச்சுதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு நம்புவாரு."

முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். எதற்கெல்லாமோ சள்ளென்று விழுகிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்குப் போய் அந்தப் பதினொன்றையும் பார்த்தேன். இருநூற்று ஒன்பதில் தரை சமமாக இருந்தது. மழைத் தண்ணீர் நிற்காது. பக்கத்தில் ஒரு மரம் இருந்தது. வாடகைக்கு வீடு பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்னேன்.

"இருநூத்தி ஒன்பது."

முத்திரை திரும்பி வந்தபோது, பெயர் கிடைத்துவிட்டது என்று நானே சொன்னேன். அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். நாலு நாளாகச் சாப்பிடவில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்துக்குத் தன் கையாலேயே பெயர் அடித்தார். தேதி, இடம், இருநூற்று ஒன்பது. பிறகு சான்றிதழில் அதையே எழுதி, மையில் ஒற்றி, ஓங்கி முத்திரை குத்தினார். பெரியவர் உள்ளே வந்து அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. நீ நல்லா இருக்கணும்," என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன், அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து முத்திரை கூப்பிட்டார். குரலில் உற்சாகம். "மேடம், உடனே வாங்க. இன்னொருத்தரும் வந்திருக்காங்க. அந்தப் பதினொண்ணுலதான். அன்னைக்கு எடுத்த மாதிரியே இவங்களுக்கும் எடுத்துக் குடுத்துடுங்க."

போனில் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். போனேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுச் சீருடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், கைவிரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. திரையில் அவள் கணவரின் படம். முத்திரை அவளுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "இவங்கதாம்மா. அழிஞ்சுபோன பேரையெல்லாம் திருப்பிக் கொண்டுவர்றவங்க. போன தடவை ஒரு பெரியவரோட பையனுக்கு இருநூத்தி ஒன்பதுன்னு இவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. கவலையே படாதீங்க."

நான் பூட் சிடியைப் போட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கையில் ஒரு வேலை வேண்டியிருந்தது. பெட்டி எழுந்தது. ஏதேதோ கட்டளைகளை அடித்தேன். எல்லாம் வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கிற கட்டளைகள். பின்னால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் பத்துத் தகடுகள் இருக்கின்றன, ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. சொல்லலாம். ஆனால் அந்தப் பத்தில் இவள் கணவர் இல்லாமலே இருக்கலாம். இருநூற்று ஒன்பதை நான் ஏற்கனவே எடுத்துக் கொடுத்தாகிவிட்டது.

"வரலைங்க," என்றேன்.

"இன்னொரு தடவை பாருங்களேன்," என்றாள் அவள்.

"வராதும்மா."

அவள் ஊறிய விரல்களைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சண்டைக்கு இழுக்காத, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டாள். "அவங்களுக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

முத்திரையும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்கும் வரலை," என்றேன். "நானா சொன்ன நம்பர் அது."

முத்திரையின் கை மேசைமேல் முத்திரைக் கட்டையில் இருந்தது. அதை மெதுவாக எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். என் பதினெட்டு வருட வேலையில் அந்த இழுப்பறை மூடிய சத்தத்தைவிடக் கேவலமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

அந்தப் பெண் திரும்பி வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்காக, என்ன சொல்ல என்று தெரியாமலே ஓடினேன். அவள் தகடுகளுக்கு நடுவில் நேராகப் போனாள். இருநூற்று ஒன்பதில் தகட்டைச் சுற்றிச் செங்கல் பதித்திருந்தது. தரையைக் கூட்டி, ஒரு பூச்செடி வைத்திருந்தார்கள். இரண்டு செங்கலுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தினமும் வருகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. முகம் தெளிந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பெஞ்சில் பார்த்த ஆளா இது என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிந்திருந்தது.

சீருடையில் ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்ததும், அவளும் யாரையோ தேடி வந்தவள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பலகையில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரும்மா," என்றார். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும். உன் ஆளு எந்த நம்பர்?"

அவள் அவரைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். பிறகு, அவர் கண்ணும் என்மேல் விழும்படி, நீயே சொல் என்பதுபோல் திரும்பி என்னைப் பார்த்தாள்.